சீட்டில்லாமல் விற்ற களிம்பு

"முந்நூறுக்குப் போடும்மா" என்று ஸ்கூட்டரை நிறுத்திய அம்மாள் இறங்கி சீட்டைத் தூக்கினாள். வேம்பு பெட்ரோல் குழாயைச் செருகி, "ஜீரோ பாத்துக்கோங்க மேடம்" என்றாள். அந்த அம்மாள் ஜீரோவைப் பார்க்கவில்லை. வேம்புவின் கன்னத்தைப் பார்த்தாள்.

"இன்னாம்மா, இந்த வயசுல மூஞ்சி இப்டி கீது? எண்ணெய்ப் பலகாரத்த நிறுத்து. வெந்தயம் ஊற வெச்சி அரைச்சுப் பூசு."

"மேடம், உங்க வண்டி பின்டயரு மொட்டையா கீது. நான் எதனா கேட்டனா?"

அந்த அம்மாள் நேராக மேனேஜர் கோவிந்தனிடம் போய்ப் புகார் சொன்னாள். ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் ரோட்டில் உள்ள அந்த பங்க்கில் வேம்புமேல் வந்த எத்தனையாவது புகார் அது என்று கோவிந்தனுக்கே நினைவில்லை. கணக்கில் ஒரு நாளும் பிசகாதவள், லீவு போடாதவள் என்பதால் வேலையில் வைத்திருந்தார்.

முழுப்பெயர் வேம்புலியம்மாள். அம்மா பொன்னியம்மா வேண்டிக்கொண்டு வைத்த அம்மன் பெயர். பொன்னியம்மா ஒரு காலத்தில் திருநின்றவூர்ப் பக்கம் களை எடுத்தவர்; வயல்கள் மனைகளானபிறகு அங்கே எழும்பிய அடுக்குமாடிகளில் மாடிப்படி துடைக்கப் போனார். அப்பா இல்லை. வேம்புவுக்கு எட்டு வயது இளையவள் காவ்யா. அந்த வீட்டில் உரக்கப் பேசுகிற ஒரே ஆள் வேம்பு.

முகப்பரு அவளுக்குப் பதினேழு வயதில் வந்தது. எல்லாருக்கும் வருகிற சின்னக் கொப்புளம் இல்லை. தாடையோரமும் கன்னத்திலும் தோலுக்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி திரண்டு, தலையணையில் கன்னம் பட்டால் உயிர் போகும். ஒவ்வொன்றும் பழுத்து உடைந்து அமுங்கும்போது ஒரு குழியை விட்டுவிட்டுப் போகும். பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவளுக்கு 'ஜல்லி' என்று பேர் வைத்தார்கள். ஒருவனுக்குப் பல் ஆடுகிற மாதிரி ஒரு அறை விழுந்தபிறகு, அந்தப் பேரை அவள் காதுக்கு எட்டாத தூரத்தில் வைத்துக்கொண்டார்கள்.

பருவைவிட யோசனை சொல்கிறவர்களைத்தான் அவளால் தாங்க முடியாமல் போனது. உடம்பு சூடு என்றார் ஒருவர். கோழிக்கறி என்றார் இன்னொருவர். வயிறு சுத்தமில்லை, தலையில் பொடுகு, கண்ணேறு, முகத்தைக் கழுவுவதில்லை. அவள் ஒரு நாளைக்கு ஆறு முறை சோப்புப் போட்டு முகத்தைத் தேய்த்துக் கொண்டிருந்தாள். பெரியம்மா ஒருத்தி, "கல்யாணம் ஆனா சரியாப் பூடும்" என்றதற்கு, "மாப்ள வந்து கன்னத்துலயா ஒக்காந்துப்பாரு?" என்று கேட்டு, அம்மாவிடம் துடைப்பத்தால் அடி வாங்கினாள்.

இத்தனை பேரில் ஒருவர்கூட டாக்டரிடம் போ என்று சொல்லவில்லை. ஒரு தடவை அவளே கேட்டாள். "பருவுக்கெல்லாமா டாக்டரு? ஊர் சிரிக்கும்" என்றார் பொன்னியம்மா.

அவளுக்கு இருபத்து நாலு வயதானபோது சித்தப்பா மகளுக்குக் கல்யாணம் வந்தது. போட்டோவில் நிற்க வேண்டுமே என்ற எரிச்சலோடு, ஸ்டேஷன் ரோட்டில் இருக்கும் தட்சிணாமூர்த்தியின் மெடிக்கல் ஷாப்புக்குப் போனாள். அந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் காய்ச்சல், பேதி, தலைவலி எல்லாவற்றுக்கும் முதல் வைத்தியர் அவர்தான். நெற்றியில் விபூதி, வாய் நிறையச் சிரிப்பு. 'மூர்த்தி சார்' என்றால் எல்லாருக்கும் தெரியும்.

"சார், இதுக்கு எதனா குடு சார்."

அவர் முகத்தை ஒரு வினாடி பார்த்தார். பின்னால் கைவிட்டு, சின்ன ட்யூப் ஒன்றை எடுத்து வைத்தார். "ராத்திரி மெல்லிசா தடவிகினு படு கண்ணு. டாக்டருங்கல்லாம் எழுதறதுதான். ஒரு வாரத்துல பாரு."

ஒரு வாரம்கூட ஆகவில்லை. நாலாம் நாள் வீக்கம் வற்றியது. ஆறாம் நாள் கன்னம் வழவழத்தது, நிறமும் வெளுத்தது. கல்யாண வீட்டில் ஜனங்கள் அவளிடம் என்ன போடுகிறாய் என்று கேட்டார்கள். வாழ்நாளில் முதல்முறையாகத் தானாக முன்னால் போய் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். அன்று காவ்யாவின் நெற்றியில் நாலைந்து சின்னப் பரு இருந்தது. "வாடி இங்க" என்று இழுத்து, தன் விரலால் அவளுக்கும் தடவிவிட்டாள்.

இரண்டு வருஷம் தடவினாள். முதலில் இரவில் மட்டும், பிறகு காலையிலும். ஒரு மாதம் வந்த ட்யூப் பதினைந்து நாளில் தீர்ந்தது. இடையில் இரண்டு நாள் விட்டால், பழைய பரு இரட்டிப்பாக வரும், முகம் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடி தடவுவாள், அடங்கும். கன்னத் தோல் வெங்காயச் சருகு போல மெலிந்து, சிவப்பு நரம்புகள் கோடுகோடாகத் தெரிய ஆரம்பித்தன. தாடையில் பூனைமுடி கருத்தது. வெயிலில் நின்று பெட்ரோல் போடுகிறவளுக்கு வெயிலே ஆகாமல் போனது.

சித்திரை மாதம் ஒரு மத்தியானம், லாரி ஒன்றுக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தபோது முகம் முழுக்க வீங்கிக் கண் இடுங்கிவிட்டது. கோவிந்தன் ஆளைப் பார்த்துப் பதறிப்போய், "மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போம்மா" என்று அனுப்பினார். மறுநாள் காலை லோக்கல் ரயில் பிடித்து, நகரத்துப் பெரிய அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதி வாங்கி, தோல் பிரிவு வரிசையில் உட்கார்ந்தாள்.

டாக்டர் சாவித்திரிக்கு ஐம்பது வயதிருக்கும். முகத்தைத் தொடாமல், கிட்டே வந்து பார்த்தார்.

"என்ன தடவுற?"

"ஒண்ணுமில்ல மேடம். சாதா க்ரீம்தான்."

"அந்த சாதா க்ரீமைக் காட்டு."

வேம்பு பையிலிருந்து ட்யூபை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் படித்தார். அவர் முகம் மாறியது.

"யார் எழுதிக் குடுத்தா?"

"மெடிக்கல் ஷாப்ல குடுத்தாங்க."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

டாக்டர் ட்யூபை மேஜையில் தட்டினார். "இதுல மூணு மருந்து கலந்திருக்கு. அதுல ஒண்ணு ஸ்டீராய்டு. வீக்கத்தை அமுக்கிடும், அதனாலதான் நாலு நாள்ல மூஞ்சி பளபளன்னு ஆகுது. தொடர்ந்து போட்டா தோல் மெலிஞ்சுபோகும், முடி வளரும், பரு முன்னைவிட மோசமா வரும். நிறுத்தினா எரியும். எரியுதேன்னு திரும்பப் போடுவ. இதைப் பருவுக்குக் குடுக்கறதே தப்பு. சீட்டு இல்லாம விக்கறது சட்டப்படியும் தப்பு. இந்தா, இங்க சிவப்புக் கோடு போட்டு அச்சடிச்சிருக்கே, யாராவது படிக்கறாங்களா?"

"அப்ப பருவுக்கு மருந்தே கிடையாதா மேடம்?"

"ஏன் கிடையாது? தடவறதுக்கு இருக்கு, மாத்திரை இருக்கு. உன்னோட மாதிரி கட்டிகட்டியா வர்றதுக்கே தனியா மாத்திரை இருக்கு, நாப்பது வருஷமா இருக்கு. ஆரம்பத்துலயே வந்திருந்தா இத்தனை குழி விழுந்திருக்காது. ஏம்மா வரல?"

வேம்பு கணக்குப் போட்டாள். ஒன்பது வருஷம். ஒரு மணி நேர ரயில். காசு வாங்காத ஆஸ்பத்திரி. வெந்தயமும் கோழிக்கறியும் பேசிய வாய்களில் ஒன்றாவது இந்த இடத்தின் பேரைச் சொல்லியிருக்கக் கூடாதா?

களிம்பை அன்றோடு நிறுத்தச் சொன்னார் டாக்டர். ஆறு வாரமாவது முகம் படாத பாடு படும், பயந்து மறுபடி தொடாதே என்றார். சோப்பை நிறுத்தி மென்மையான திரவம் ஒன்று, ஈரப்பசைக்கு ஒரு பூச்சு, வெயிலுக்கு ஒன்று, வீக்கத்துக்கு மாத்திரை. "முதல்ல தோல் ஆறட்டும். அப்புறம் பருவைப் பார்ப்போம். குழியைக் கடைசியில பார்ப்போம். இந்த வரிசையை மாத்தக் கூடாது."

திருநின்றவூரில் இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே மெடிக்கல் ஷாப். நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ட்யூபைக் கண்ணாடி மேஜைமேல் ஓங்கி வைத்தாள்.

"சார், இது இன்னா மருந்துன்னு சொல்லு."

தட்சிணாமூர்த்தி சிரித்தார். "இன்னா கண்ணு, காலியாய்டுச்சா?"

"இன்னா மருந்துன்னு கேட்டேன். இதுல ஸ்டீராய்டு கீதுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

சிரிப்பு குறைந்தது. "மெதுவாப் பேசு. ஆளுங்க கீறாங்க."

"ஆளுங்க கீறாங்கன்னுதான் பேசறேன்! என் மூஞ்சியப் பாரு. நல்லாப் பாரு. நாப்பதுக்கு மேல ட்யூப் வித்துகீற, ஒரு நாளாவது நிறுத்துன்னு சொன்னியா? டாக்டராண்ட காட்டுன்னு சொன்னியா?"

"நீயாதான வந்து கேட்ட? நானா உன் ஊட்டுக்கு வந்து தடவி உட்டேன்? கடைல வந்து கேக்கறாங்க, குடுக்கறோம். ஆயிரம் ரூபா டாக்டருக்கு குடுக்க முடியாத ஜனங்களுக்கு ஒத்தாசையா கீறேன் நானு. நன்றி இல்லாம பேசாத."

"ஓசில பாக்கற டாக்டரு ரயிலேறினா கீறாரு. அதச் சொல்றதுக்கு உனக்கு வாய் வலிக்குதா?"

வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "உடும்மா, பெரிய மனுஷன்" என்றார். அவர் பக்கம் திரும்பி, "நீ இன்னா மருந்து வாங்க வந்த? படிச்சிட்டு வாங்கு" என்றாள் வேம்பு. தட்சிணாமூர்த்திக்கும் கோபம் ஏறிவிட்டது.

"உனக்கு மட்டும்தான் ஒத்துக்கல. உன் தங்கச்சி நேத்துகூட வந்து வாங்கிகினு போனா. அவளுக்கு இன்னா ஆச்சு? நல்லாத்தான கீறா?"

வேம்பு ட்யூபை எடுத்துக்கொண்டு நடந்தாள். தண்டவாளம் தாண்டியதும் ஓட ஆரம்பித்தாள்.

காவ்யா கட்டிலில் உட்கார்ந்து காலேஜ் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வேம்பு அவள் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். பேனாக்களுக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவில் அதே ட்யூப் விழுந்தது.

"எத்தினி நாளாடி?"

"உனக்கின்னா? என் மூஞ்சி."

வேம்பு அறைந்துவிட்டாள். பொன்னியம்மா சமையல்கட்டிலிருந்து ஓடிவந்து நடுவில் விழுந்தார். காவ்யா அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"நீதான தடவி உட்ட! மொத தடவ யாரு தடவி உட்டது? உன் வெரலாலதான் தடவி உட்ட! ரெண்டு வருஷம் நீ போட்டுகினு சுத்தின, இப்ப எனக்கு மட்டும் கூடாதா? இத நிறுத்தினா நானும் உன்ன மாதிரிதான் ஆவேன். உன்ன மாதிரி மூஞ்சிய வெச்சிகினு நான் காலேஜுக்குப் போ மாட்டேன்."

பொன்னியம்மா, "அக்காவப் பாத்து இன்னா பேசற?" என்று முனகினார். வேம்பு வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். தன் வலக்கைச் சுட்டு விரலைப் பார்க்கப் பார்க்க வெட்டிப் போடலாம் போல இருந்தது.

வெகுநேரம் கழித்து உள்ளே போனாள். "ஆமா. நான்தான் தடவி உட்டேன்" என்றாள். "தெரியாம செஞ்சேன். உனக்கு இப்பத் தெரிஞ்சிபோச்சி. நாளைக்கு எங்கூட ஆஸ்பத்திரிக்கு வா. வரலன்னா இழுத்துகினு போவேன்."

இழுத்துக்கொண்டுதான் போனாள். டாக்டர் சாவித்திரி காவ்யாவிடம் அரை மணி நேரம் பேசினார். காவ்யாவுக்கு இருந்தது லேசான பரு. இரவில் தடவ ஒரு ஜெல், காலையில் ஒன்று, அவ்வளவில் தீரக்கூடியது. களிம்பை நிறுத்துவதால் வரும் எரிச்சலைத்தான் முதலில் தாண்ட வேண்டும் என்றார்.

அந்த ஆறு வாரம் அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு மாதிரி கனன்றார்கள். முகம் சிவந்து, தோல் உரிந்து, பரு கொத்துக்கொத்தாகக் கிளம்பியது. காவ்யா பத்து நாள் காலேஜுக்குப் போகவில்லை. ஒரு சாயங்காலம் அவள் ஒளித்து வைத்திருந்த இன்னொரு ட்யூபை வேம்பு கண்டுபிடித்து, சாக்கடையில் பிதுக்கினாள். இருவரும் நாலு நாள் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ஈரப்பூச்சை ஒரே டப்பாவிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

பங்க்கில் கோவிந்தன் தயங்கித் தயங்கி வந்தார். "கொஞ்ச நாளைக்கு டயருக்குக் காத்து அடிக்கற பக்கம் போய்டும்மா. கஸ்டமருங்க ஒரு மாதிரி பாக்கறாங்க. ஒட்டிக்குமோன்னு கேக்கறாங்க."

"சார், மூஞ்சியா பெட்ரோல் போடுது? கைதான போடுது? பரு ஒட்டிக்காது. கேக்கறவங்கள எங்கிட்ட அனுப்பு, நான் சொல்லிக்கறேன்."

"அதுக்குதான் பயமா கீது" என்றார் கோவிந்தன். ஆனால் மாற்றவில்லை. மறுவாரம் அவள் நிற்கும் பம்புக்கு மேலே ஒரு தார்ப்பாய் நிழலும் கட்டிக் கொடுத்தார். அதற்கு அவள் நன்றி சொல்லவில்லை. இதை முதலிலேயே கட்டியிருக்கலாம் என்றாள்.

மருந்து ஆய்வாளர் அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டின் நகல், இரண்டு ட்யூப், தன் முகத்தின் படம், மூன்று பக்கம் கையெழுத்து. ஒரு மாதம் கழித்து ஆய்வாளர் வந்து கடையைச் சோதித்தார். சில நாள் கடை மூடியிருந்தது. அந்தச் சில நாளும் தெருவே வேம்புவைத் திட்டியது. பிரஷர் மாத்திரைக்கு இனி எங்கே போவது என்று கேட்டார்கள். மாடிப்படி துடைக்கும் இடத்தில்கூட பொன்னியம்மாவிடம், "உன் பொண்ணுக்கு இன்னா அவ்ளோ திமிரு" என்றார்கள். கடை திறந்தபோது வாசலில், 'மருத்துவர் சீட்டின்றி மருந்து வழங்கப்படமாட்டாது' என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதே காகிதத்துக்குக் கீழே நின்று ஒரு பெண் அந்தக் களிம்பைக் கேட்டாள். தட்சிணாமூர்த்தி ட்யூபைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று வேம்பு பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி புகார் எழுதினாள். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

தோல் ஆறியபிறகு, கட்டிப் பருவுக்கான மாத்திரையை டாக்டர் ஆரம்பித்தார். ரத்தப் பரிசோதனை செய்து, படிவத்தில் கையெழுத்து வாங்கினார். "ஆறு மாசம் சாப்பிடணும். இதைச் சாப்பிடறப்பவும், நிறுத்தி ஒரு மாசம் வரைக்கும் கர்ப்பமே ஆகக் கூடாது. பிள்ளை ஊனமா பிறக்கும். விளையாட்டு இல்லை."

அந்த நேரம் பார்த்துப் பொன்னியம்மா ஒரு வரன் கொண்டுவந்திருந்தார், வேப்பம்பட்டிலிருந்து. "ஏழு மாசம் கழிச்சி வரச் சொல்லு" என்றாள் வேம்பு. மாப்பிள்ளை வீட்டார் காரணம் கேட்டார்கள். உள்ளதைச் சொன்னாள். அவர்கள் பிறகு வரவில்லை. பொன்னியம்மா ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தார். "மொத்தமே ஏழு மாசம். அதுக்கே நிக்க முடியாதவன் எனக்கு எதுக்கு?" என்றாள் மகள்.

உதடு வெடித்தது, மூக்கு காய்ந்து ரத்தம் எட்டிப் பார்த்தது. ஆனால் நாலாம் மாதத்தில் ஒரு நாள் தலையணையில் கன்னம் வைத்துப் படுத்தவளுக்கு, வலிக்கவில்லை என்பது மெல்ல உறைத்தது. புதிதாக ஒன்றும் வரவில்லை. அதற்குமேல் வரவும் இல்லை.

பிறகு குழிகள். எல்லாம் ஒரே வகை இல்லை என்று டாக்டர் கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினார். ஊசி குத்தினாற்போல ஆழமாக இருப்பவற்றில் குச்சி முனையால் அமிலம் தொட்டு வைப்பது. அகலமாக உள்ளிழுத்துக் கிடப்பவற்றுக்கு, அடியில் ஊசி விட்டு, தோலை உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும் நாரை அறுத்துவிடுவது. மேலோட்டமாக இருப்பவற்றுக்கு நுண்ணூசிக் கருவி. லேசரும் உண்டு, நம் நிறத்துக்குக் கவனமில்லாமல் செய்தால் கருத்துவிடும், அவசரப்பட வேண்டாம் என்றார்.

நார் அறுக்கும்போது மரத்துப்போன கன்னத்துக்குள் கரகரவென்று சத்தம் காதில் கேட்டது. வேம்பு பல்லைக் கடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் மனசுக்குள் தட்சிணாமூர்த்தியின் பேரோடு சேர்த்துச் சொன்னாள். நாலைந்து நாள் முகம் ஊதா நிறத்தில் வீங்கியிருந்தது. பங்க்கில் ஒருவர், "யாரும்மா அடிச்சது?" என்று கேட்டார். "பில்லு வேணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஒன்றரை வருஷத்தில் ஐந்து முறை. ஐந்தாவது முடிந்து ஆறியபிறகு டாக்டர் விளக்கடியில் பார்த்தார்.

"பாதிக்குமேல சமமாயிருக்கு. இன்னும் கொஞ்சம் போகும். முழுசா போகாது. போகும்னு யாராவது சொன்னா அந்தப் பக்கம் போகாத."

அதைக் கேட்டும் கோபம்தான் வந்தது. ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வில்லிவாக்கம்வரை உர்ரென்று வந்தாள். பக்கத்தில் காவ்யா. அவள் முகம் எப்போதோ தெளிந்துவிட்டது. நெற்றியில் ஒரு தழும்பு மட்டும். "மூஞ்சிய அப்டி வெச்சிக்காத. பாக்க நல்லா கீற, கோவந்தான் அசிங்கமா கீது" என்றாள் காவ்யா. வேம்பு அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

அந்த வருஷம் ஐப்பசியில், பின்தெரு ரேஷ்மா முக்காட்டை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மருந்துக்கடை மூடியபோது வேம்புவைத் திட்டியவர்களில் அவளும் ஒருத்தி. கையை நீட்டினாள். உள்ளங்கையில் பாதி பிதுங்கிய ட்யூப்.

"அக்கா, இது அதுவான்னு பாருக்கா."

வேம்பு வாங்கி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். அதுதான்.

"எத்தினி மாசமா?"

"எட்டு மாசமாக்கா."

"எட்டு மாசமா! நான் கடை வாசல்ல நின்னு கத்தினப்ப உன் காதுல இன்னா வெச்சிகினு இருந்த?" என்று ஆரம்பித்தவள் கால் மணி நேரம் நிறுத்தவில்லை. ரேஷ்மா தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். பொன்னியம்மா டீ கொண்டுவந்து வைத்தார்.

"தோல் டாக்டரு செவ்வாக்கெழம பாப்பாங்க. ஏழு பத்து ரயிலு. ஆதார் கார்டு எடுத்துகினு வா. வரதுக்குள்ள இத மறுபடி தொட்டேன்னு தெரிஞ்சிது..."

"தொட மாட்டேன்க்கா."

செவ்வாய்க்கிழமை பிளாட்பாரத்தில் ரேஷ்மாவோடு அவள் நாத்தனாரும் நின்றாள். அவள் கையிலும் ஒரு ட்யூப் இருந்தது. ரயில் ஏறி உட்காரும்வரை பொறுத்திருந்த வேம்பு, நெமிலிச்சேரி தாண்டுவதற்குள் அவளைத் திட்ட ஆரம்பித்தாள்.